ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு வரி: தலசீமியா மரபணுச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு

கர்ப்பம் உறுதியான ஏழாவது வாரத்தில் எடுத்த ரத்தச் சோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. "இரும்புச்சத்து மாத்திரை போடும்மா, ஏறிடும்" என்றார்கள். பிறகு தலசீமியா என்ற சந்தேகம் வந்தது: ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய் அது. அடுத்த ஏழு வாரங்கள் நானும் கணவரும் சென்னையில் கொளத்தூருக்கும் எழும்பூருக்கும் நடுவில் அலைந்தோம். கடைசியில் கைக்கு வந்த மரபணு ரிப்போர்ட்டில் எங்களுக்கு வேண்டிய விஷயம் ஒரே வரியில் இருந்தது. அந்த வரியில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை.

நான் படித்தது பி.காம். பிளஸ் டூவில் உயிரியல் கிடையாது. செல் எப்படி டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது, ஜீனிலிருந்து புரதம் எப்படி வருகிறது என்று முதலிலிருந்து படித்த பிறகுதான் அந்த வரி புரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். இதே பாதையில் இப்போது நிற்கிறவர்களுக்காக, நாங்கள் போன வரிசையிலேயே எழுதுகிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். இது அந்தப் பேச்சுக்குத் தயாராகிப் போவதற்கு.

1. முதல் ரத்தச் சோதனையில் மூன்று எண்களைப் பாருங்கள்

எல்லாரும் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அதே தாளில் எம்.சி.வி. என்று ஒரு எண் இருக்கும். அது சிவப்பணுவின் சராசரி அளவு. சாதாரணமாக 80-க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 62. மூன்றாவது எண், சிவப்பணுக்களின் எண்ணிக்கை. எனக்கு அது 5.1, அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு 51 லட்சம்.

எம்.சி.வி.யை அந்த 5.1 ஆல் வகுத்தால் 12 சொச்சம் வரும். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியராக (நோய் இல்லாமல், மாறிய மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்கலாம் என்ற சந்தேகம் எழ வேண்டும். அணுக்கள் சின்னதாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. இரும்புச்சத்துக் குறைவில் பெரும்பாலும் இரண்டுமே குறையும். இந்தக் கணக்கு ஒரு குறிப்பு மட்டும்தான், முடிவு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேரியர் என்று தெரிந்ததும் இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேரியராக இருப்பவருக்கும் இரும்புச்சத்துக் குறையலாம். ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பின் அளவு) சோதனை செய்து பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

2. ஹெச்.பி.எல்.சி. சோதனையை இருவரும் ஒரே நாளில் செய்யுங்கள்

ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சோதனை இது. ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா போதவில்லை என்றால் ஆல்ஃபா சங்கிலிகளில் வழக்கத்தைவிட அதிகமானவை டெல்டா என்ற இன்னொரு சங்கிலியோடு சேரும். அப்படிச் சேர்ந்ததுதான் ஹீமோகுளோபின் ஏ2. சாதாரணமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். எனக்கு 5.2.

எங்கள் தவறு, என் முடிவு வரும்வரை காத்திருந்து அதற்கப்புறம் கணவருக்குச் செய்தது. நாலு நாள் போனது. அவருக்கு 5.0 என்று வந்தபோது எட்டாவது வாரம் முடியப் போகிறது. ஒருவர் மட்டும் கேரியர் என்றால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வரும் பயம் பெரும்பாலும் இல்லை. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் ரத்தசோகை தெரியத் தொடங்கும், அப்புறம் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

கவனிக்க வேண்டியவை: கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்தவர் ரத்தமும் கலந்துதான் எண் வரும். கடுமையான இரும்புக் குறைவு இருந்தால் ஏ2 எண் கொஞ்சம் இறங்கிக் காட்டலாம். 3.4, 3.6 என்று எல்லையில் வந்தால் "நார்மல்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

"சொந்தத்தில் கட்டினால்தானே இதெல்லாம் வரும்" என்று எங்களிடம் பலர் கேட்டார்கள். நாங்கள் சொந்தமில்லை. சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் அசலில் கட்டியவர்களுக்கும் வரும்.

3. பதினோராவது வாரத்திலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்

இதை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை. கருவில் இருக்கும் பிள்ளையைச் சோதிக்க நஞ்சிலிருந்து (நஞ்சுக்கொடி) கொஞ்சம் திசு எடுக்கும் முறை, 11 வாரம் முடிந்த பிறகு, ஏறக்குறைய 14-ஆவது வாரத்துக்குள் நடக்கும். அதைத் தவறவிட்டால் 15, 16 வாரம் ஆன பின் பனிக்குட நீர் எடுக்கும் முறை. ஆனால் இரண்டில் எதற்கும் முன்னால், அப்பா அம்மா இருவரிடமும் என்ன மாற்றம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எதைத் தேடுவது என்று தெரியாமல் பிள்ளையின் டி.என்.ஏ.வில் தேடினால் நாள் கூடும், குழப்பமும் கூடும்.

பெற்றோர் மரபணு ரிப்போர்ட்டுக்கு எங்களுக்கு 12 நாள் ஆனது. ஒன்பதாவது வாரத்திலேயே ரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபைல் வாங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்: இருவரின் ரத்தச் சோதனை, இருவரின் ஹெச்.பி.எல்.சி., உங்கள் ரத்த வகை ரிப்போர்ட், கர்ப்ப வாரத்தை உறுதிசெய்த முதல் ஸ்கேன், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், இருவரின் ஆதார் நகல், பிக்மி (அரசின் கர்ப்பப் பதிவு) எண். ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். கவுண்டரில் நின்றுகொண்டு ஜெராக்ஸ் கடை தேடிய மதியங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செலவு: ஹெச்.பி.எல்.சி. ஆளுக்கு 850 ரூபாய், மரபணுச் சோதனை ஆளுக்கு 5,500, நஞ்சுத் திசு எடுத்துச் சோதிக்க எல்லாம் சேர்த்து 27,000. ஆட்டோ தவிர 39,700 ரூபாய். இது நாங்கள் கொடுத்தது. இடத்துக்கு இடம் மாறும். தனியாரிடம் போகும் முன் எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் குழந்தைகள் மருத்துவமனையிலும் எது கிடைக்கும் என்று நேரில் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் ஓடினோம்.

4. ரத்தம் கொடுக்கும்போது டியூபின் மூடி ஊதாவா என்று பாருங்கள்

மரபணுச் சோதனைக்கு ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. டியூப் வேண்டும். நாங்கள் ரத்தம் கொடுத்த இடத்தில் பச்சை மூடி டியூபில் எடுத்துவிட்டார்கள். ஆறு நாள் கழித்து "சாம்பிள் சரியில்லை, திரும்ப வாங்க" என்று போன் வந்தது. மறுபடி எடுக்கக் காசு வாங்கவில்லை, ஆனால் அந்த ஆறு நாளை யாராலும் திருப்பித் தர முடியாது.

மூடியின் நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பச்சை மூடி டியூபில் ஹெப்பாரின் இருக்கும். அது லேபில் டி.என்.ஏ.வை நகல் எடுக்கும் நொதியைத் தடுக்கும். இதைப் புரிந்துகொள்ள, நகல் எடுப்பது எப்படி என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

டி.என்.ஏ. இரண்டு இழை. நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிரில் டி. ஜி இருந்தால் எதிரில் சி. செல் இரண்டாகப் பிரியும் முன் இழைகளைப் பிரித்து, ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரில் புது இழை கோர்க்கிறது. ஒரு இழை தெரிந்தால் மற்றது தானாகத் தெரிந்துவிடும், அதனால்தான் நகல் பிசகாமல் வருகிறது. ஒரு செல்லில் சுமார் 640 கோடி ஜோடி எழுத்துகள். கோர்க்கும் நொதியின் வேகம் நொடிக்கு 50 எழுத்து போல. ஒரே இடத்தில் தொடங்கி ஒரே ஆளாகக் கோர்த்தால் நாலு வருடம் ஆகும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்குவதால் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் முடிகிறது. தப்பாகக் கோர்த்த எழுத்தை அந்த நொதியே பின்வாங்கி எடுத்துவிடும். அதற்கும் தப்பியதைத் திருத்த இன்னொரு கூட்டம் இருக்கிறது. கடைசியில் நிற்கும் பிழை, சுமாராக 100 கோடி எழுத்துக்கு ஒன்று.

லேபில் இதே வேலையை நமக்கு வேண்டிய ஒரு துண்டுக்கு மட்டும் செய்கிறார்கள். 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, சூட்டைக் குறைத்து, 72 டிகிரியில் கோர்க்கவிடுகிறார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் நொதி, வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்றில் ஒரு துண்டு 107 கோடியாகிவிடும். அதற்குப் பிறகுதான் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது.

ரத்தத்தில் எந்தச் செல்லிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறார்கள் என்று தெரியுமா? வெள்ளையணு. நோய் சிவப்பணுவில், ஆனால் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதில் டி.என்.ஏ. கிடையாது. எல்லாச் செல்லும் கருவுற்ற ஒரே முட்டையின் நகல்கள் என்பதால் வெள்ளையணுவைப் படித்தாலே போதும். இந்த விஷயம் ஆறாவது படியில் மறுபடி வரும்.

5. அந்த ஒரு வரியைப் படிப்பது

என் ரிப்போர்ட்டில் இருந்தது: "ஹெச்.பி.பி. ஜீன், சி.92+5ஜி>சி, ஹெட்டரோசைகஸ்". கணவருடையதில்: "ஹெச்.பி.பி. ஜீன், சி.47ஜி>ஏ, ஹெட்டரோசைகஸ்".

மரபணு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். "அக்கா, இத மனப்பாடம் பண்ண வேணாம். ஜீன்ல இருந்து புரதம் வர்ற வழிய வரைஞ்சு காட்டுறேன், நீங்களே படிச்சிடுவீங்க" என்று லேப் பில்லின் பின்பக்கத்தில் வரைந்தாள். அந்தப் பில் இப்போதும் ஃபைலில் இருக்கிறது.

ஹெச்.பி.பி. என்பது பீட்டா சங்கிலிக்கான ஜீன். 11-ஆவது குரோமோசோமில், சுமார் 1,600 எழுத்து நீளம். டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. அதனால் அந்த ஜீனை மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படி எடுக்கிறது செல். டி வரவேண்டிய இடத்தில் யூ வரும், மற்றபடி அதே எழுத்துகள்தான்.

அடுத்து வெட்டி ஒட்டும் வேலை. என் அம்மா வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைப்பார். கதைக்கு நடுவில் வரும் விளம்பரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் கதைப் பக்கங்களை மட்டும் சேர்த்துத் தைப்பார். செல்லும் அதையே செய்கிறது. பீட்டா ஜீனில் கதைப் பகுதி மூன்று, அவை எக்ஸான். நடுவில் எடுத்துப் போட வேண்டியவை இரண்டு, அவை இன்ட்ரான். முதலாவது 130 எழுத்து, இரண்டாவது 850 எழுத்து. எங்கே கிழிக்க வேண்டும் என்ற அடையாளம் இன்ட்ரானின் ஓரத்து எழுத்துகளிலேயே இருக்கிறது.

தைத்து முடித்த தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வரும். புரதம் கோர்க்கும் ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒரு மூன்றெழுத்துக்கு (இதுதான் கோடான்) ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. இடைவெளி கிடையாது, அதனால் எண்ணிக்கை பிசகக் கூடாது. நம் எழுத்திலேயே பாருங்கள்: பழம் மரம் கடல் படம். நாலும் மூன்றெழுத்துச் சொற்கள். ஒரே ஒரு "ழ"வை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: பம்ம, ரம்க, டல்ப, டம். ஓர் எழுத்து போனதற்கு அதன் பின்னால் வந்த எல்லாச் சொல்லும் கெட்டுப் போனது.

இப்போது கணவரின் வரி. முதலில் வரும் "சி." என்பது எழுத்து இல்லை, புரதத்துக்கான பகுதியை முதல் எழுத்திலிருந்து எண்ணுகிறோம் என்ற குறி. மாற்றத்தில் வரும் "சி"தான் எழுத்து. இரண்டையும் குழப்பி நான் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். 47-ஆவது எழுத்து ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. மூன்றால் வகுத்தால் அது 16-ஆவது மூன்றெழுத்து. டிஜிஜி இருந்தது டிஏஜி ஆகிவிட்டது. டிஏஜி என்றால் "நிறுத்து". 146 அமினோ அமிலம் வரவேண்டிய சங்கிலி 14-இல் நின்றுவிடும். அந்த நகலிலிருந்து பீட்டா சங்கிலியே வராது.

இங்கே ஒரு பொறி. கணவரின் ரிப்போர்ட்டில் ஓரிடத்தில் 16 என்றும், குறிப்பில் "கோடான் 15" என்றும் இருந்தது. தப்பான ரிப்போர்ட் என்று பயந்தோம். இரண்டும் ஒன்றுதான். முதல் அமினோ அமிலத்தைச் செல் பின்னால் வெட்டி எடுத்துவிடுகிறது. பழைய முறையில் அதை விட்டுவிட்டு எண்ணுவார்கள், புதிய முறையில் சேர்த்து எண்ணுவார்கள். இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது ஓர் எண் முன்பின் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

என்னுடைய வரி: 92+5. 92-ஆவது எழுத்து முதல் எக்ஸானின் கடைசி எழுத்து. "+5" என்றால் அதைத் தாண்டி இன்ட்ரானுக்குள் ஐந்தாவது எழுத்து. அங்கே ஜி-க்குப் பதில் சி. "தூக்கிப் போடுற பகுதியில ஓர் எழுத்து மாறினா என்ன?" என்று நான் கேட்டேன். அந்தப் பெண் கிழிக்கும் கோட்டைச் சுட்டிக் காட்டினாள். ஐந்தாவது எழுத்து அந்த அடையாளத்தின் ஒரு பகுதி. அது மங்கிப் போனால் செல் பல சமயம் வேறு இடத்தில் கிழிக்கிறது: எக்ஸானுக்கு உள்ளே இரண்டு இடத்தில், அல்லது இன்ட்ரானுக்குள் 13 எழுத்து தள்ளி. சில சமயம் மட்டும் சரியான இடத்தில். அதனால் நல்ல பீட்டா கொஞ்சம் வரும், போதுமான அளவு வராது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவில் அதிகம் காணப்படும் மாற்றம் இதுதான்.

"ஹெட்டரோசைகஸ்" என்றால் இரண்டு நகலில் ஒன்றில் மட்டும் மாற்றம். மற்ற நகல் நன்றாக வேலை செய்கிறது, அதனால்தான் நானும் அவரும் நோயாளிகள் இல்லை. மாமியார் வீட்டில் "பொண்ணு வீட்டு ரத்தம்" என்று பேச்சு வந்தது. இருவர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மாற்றம் இரண்டு பக்கமும் இருந்தது, பேச்சு நின்றது. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது பேசினால் அந்த இரண்டு தாளையும் காட்டுங்கள்.

6. நஞ்சுத் திசு எடுக்கும் நாள்

எனக்கு 12 வாரம் 2 நாளில் எடுத்தார்கள். நஞ்சைச் சோதித்துப் பிள்ளையை எப்படிச் சொல்வது என்று என் கணவர் கேட்டார். பிள்ளையும் நஞ்சும் கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து நகல் எடுத்து நகல் எடுத்து வளர்ந்தவை. நாலாவது படியில் சொன்ன அதே காரணம்.

சோதனைக்கு முன் கையெழுத்து வாங்குவார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும், அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். தமிழில் கேளுங்கள், நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

கருக்கலைவு அபாயம் சிறிய அளவில் உண்டு. எவ்வளவு என்று சோதனை செய்யும் மருத்துவரிடமே கேளுங்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி தேவைப்படும். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் ஊதா மூடி டியூபில் எடுப்பார்கள். எடுத்த திசுவில் அம்மாவின் செல் கலந்திருந்தால் முடிவு தப்பாகிவிடும், அதைச் சரிபார்க்கத்தான். கேட்கவில்லை என்றால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

வலி மாதவிடாய் வலி போல இருந்தது. இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. முடிவு வர ஒன்பது நாள்.

7. முடிவு வந்த பிறகு

நாலு விதமாக வரலாம்: இரண்டு மாற்றமும் இல்லை, அம்மாவுடையது மட்டும், அப்பாவுடையது மட்டும், இரண்டும். நடுவில் உள்ள இரண்டும் கேரியர்தான். கடைசிதான் நோய். எங்கள் பிள்ளைக்கு 47-ஆவது எழுத்து மாறியிருந்தது, 92+5 மாறவில்லை. அந்தத் தாளைப் படிக்க எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை.

இரண்டும் வந்திருந்தால், அன்றே ஆலோசகரோடும் மகப்பேறு மருத்துவரோடும் உட்காருங்கள். சட்டப்படி என்ன செய்யலாம், எந்த வாரம்வரை, பிறந்தால் சிகிச்சை எப்படி, எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் என்ன என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கேள்விகளை வீட்டிலேயே எழுதிக் கொண்டு போங்கள். அந்த அறையில் எதுவும் ஞாபகம் வராது.

"முதல் பிள்ளைக்கு வரவில்லை, இனி பயமில்லை" என்று உறவினர்கள் சொல்வார்கள். அடுத்த கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நகல் என்னிடமிருந்தும் ஒரு நகல் அவரிடமிருந்தும் போகிறது. ஆனால் பெற்றோர் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம், பழைய ரிப்போர்ட்டே போதும். அதனால் மூலத்தை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள், போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஹெச்.பி.எல்.சி. செய்ய ஒரு வயது ஆகட்டும் என்று மருத்துவர் சொன்னார். பிறந்த சில மாதங்கள் கருக்கால ஹீமோகுளோபினே நிறைய இருக்கும், அதற்குள் செய்தால் எண் குழப்பும்.

உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். என் தம்பிக்கு தை மாதம் கல்யாணம். ரிப்போர்ட்டின் நகலைக் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். 850 ரூபாய், இரண்டு நாளில் முடிவு. அவனுக்கும் ஏ2 5.1 வந்தது. பெண் வீட்டாரிடம் அவனே போய்ச் சொன்னான், அந்தப் பெண்ணும் அடுத்த நாளே ரத்தம் கொடுத்தாள். அவளுக்கு 2.6.